செயல்திட்டமும் மாணவர் ஊக்கமும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழியை அறியாத பள்ளிப் பிள்ளை இல்லை. பொருள் எழுதுக என்று தேர்வில் கேட்டால், பிழையின்றி எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுவர். அஃதாவது, ஏட்டுச் சுரைக்காய் பயன்படாது என்னும் பாடத்தையே நாம் ஏட்டுச் சுரைக்காயாக ஆக்கி வைத்திருக்கிறோம்!

இந்நிலையை மாற்றும் பொருட்டுத்தான் ‘செயல்திட்டம்’ என்பது பள்ளிகளில் இடம் பெற்றது. கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண் தொடர் மதிப்பீட்டுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. செயல்திட்டம் அம்மதிப்பீட்டின் ஒரு பகுதி. நோக்கம் நல்லதே. ஆயின் நடப்பது என்ன? கரமனையில் என் வீட்டுக்கு அருகே உள்ள கடையில், ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய மாலையில் கூட்டம் அலைமோதும். சார்ட்டுத் தாள், தெர்மாகோல், வண்ணப் படங்கள் எல்லாம் விலையாகும். இரவு பன்னிரண்டு மணிக்குத் தந்தை வெட்டுவார்; தாய் ஒட்டுவார்; பிள்ளை உறங்கும். காலையில் அப்பிள்ளை சுமந்து செல்லும் எரிமலையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் போய்த் தெர்மாகோல் சுரைக்காய் வந்தது, அவ்வளவுதான்.

குறை பிள்ளைகளிடம் இல்லை என்பது என் துணிபு. ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவன் என்ற முறையிலும், எங்கள் தெருப் பிள்ளைகளோடு சில சிறு செயல்திட்டங்களில் ஈடுபட்டவன் என்ற முறையிலும், ஊக்கம் எங்கே பிறக்கிறது, எங்கே மடிகிறது என்பதைப் பற்றிச் சில கூற விரும்புகிறேன்.

செயல்திட்டம் என்பது யாது?

அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய வில்லியம் கில்பாட்ரிக் என்பவர், 1918-ஆம் ஆண்டில் ‘செயல்திட்ட முறை’ என்னும் கட்டுரையை வெளியிட்டார். மாணவன் தானே முழுமனத்தோடு ஏற்ற ஒரு நோக்கம் இருக்க வேண்டும். அந்நோக்கத்தை அடைய அவன் முயலும் முயற்சியே செயல்திட்டம் என்பது அவர் கருத்து. அதற்கு நான்கு படிகள் உண்டு என்றார்: நோக்கம் கொள்ளுதல், திட்டமிடுதல், செய்து முடித்தல், முடிந்ததை மதிப்பிடுதல்.

இந்நான்கையும் நம் பள்ளி நடைமுறையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நோக்கம் கொள்வது யார்? ஆசிரியர். திட்டமிடுவது யார்? வழிகாட்டி நூல். செய்து முடிப்பது பெற்றோர். மதிப்பிடுவது மீண்டும் ஆசிரியர். நான்கு படிகளில் ஒன்றிலேனும் மாணவன் கால் வைக்கவில்லை! பிறகு ஊக்கம் எங்கிருந்து வரும்?

கில்பாட்ரிக்குக்கு முன்னோடி ஜான் டூயி என்னும் அறிஞர். அவர் 1896-இல் சிகாகோவில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியை அவரே எழுதியுள்ளார். பிள்ளைகளிடம் ஆட்டு மயிரையும், செடியிலிருந்து பறித்த பருத்தியையும் கொடுத்து, ஆடை எவ்வாறு உருவாகிறது என்று செய்து பார்க்கச் சொன்னார்கள். ஒரு குழுவினர் அரைமணி நேரம் விதைகளினின்று பஞ்சைப் பிரித்தனர். கிடைத்தது ஓர் அவுன்சுக்கும் குறைவு! கையால் பருத்தியை அரைப்பது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்கு விளங்கியது. அந்நாட்டு முன்னோர் பருத்திக்கு முன்பே கம்பளியை உடுத்தியது ஏன் என்ற வரலாற்றுக் கேள்விக்கு அவர்களே விடை கண்டனர். பருத்தி அரைக்கும் பொறி ஏன் பெரும் மாறுதலை விளைத்தது என்பதையும் உணர்ந்தனர். பஞ்சு வழியே வரலாறும், இயற்பியலும், பொருளியலும் அவர்களை வந்தடைந்தன. எவரும் ஒரு வரியை மனப்பாடம் செய்யவில்லை. ஆயினும் மறந்திருக்க மாட்டார்கள்.

நம் நாட்டில்

இது மேலை நாட்டுச் சரக்கு என்று எவரும் ஒதுக்க வேண்டா. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வியைக் காந்தியடிகள் முன்வைத்தார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. ஆதாரக் கல்வி என்று தமிழில் வழங்கியது அதுவே. இராட்டையில் நூல் நூற்கும் பிள்ளை, நூலின் நீளத்தைக் கணக்கிடும்போது கணிதமும், பருத்தி விளையும் மண்ணை அறியும்போது நிலநூலும் கற்கிறது என்பது அதன் அடிப்படை.

பின்னர் 1972-இல், மத்தியப் பிரதேசத்து ஓஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கிற்று. சிற்றூர்ப் பிள்ளைகள் தாமே சோதனை செய்து, தாமே முடிவு காண்பது அதன் முறை. அத்திட்டத்தார் செய்த ஒரு மாறுதலை நான் மிகச் சிறந்ததாகக் கருதுகிறேன். தேர்வையும் அவர்கள் மாற்றினர். மாணவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே விடை எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. கற்பிக்கும் முறையை மாற்றிவிட்டுத் தேர்வை மட்டும் பழையபடி வைத்திருந்தால், மாணவன் மனம் பழைய வழியிலேயே போகும் அல்லவா? அத்திட்டம் முப்பது ஆண்டுகள் நடந்து 2002-இல் நிறுத்தப்பட்டது வருந்தத்தக்கதே.

1993 முதல் நடத்தப்பட்டுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இவ்வழியில் மற்றொரு நன்முயற்சி. 10 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து ஆராய்ந்து, மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் பலர் முன்னிலையில் எடுத்துரைக்கின்றனர். தாய்மொழியில் உரைக்கவும் இடமுண்டு. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதற்காக உழைத்துள்ளது.

இவையெல்லாம் வேறெங்கோ நடந்தவை என்று தோன்றினால், நம் திருவனந்தபுரத்தையே நோக்குவோம். இந்நகரக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளையை ‘மனோன்மணீயம்’ ஆசிரியராக நாம் அனைவரும் அறிவோம். அவர் கல்வெட்டு ஆராய்ச்சியாளர் என்பதை எத்தனை பேர் நினைவிற் கொள்கிறோம்? வேணாட்டுப் பழைய மன்னர்களைப் பற்றி நம்பத்தக்க நூல் இல்லாத காலத்தில், அவர் கோயில்களின் கற்களையே ஏடாகக் கொண்டார். கல்வெட்டுகளைத் திரட்டிப் படித்து, அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒழுங்குபடுத்தி, 1894-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டார். விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. விடை வெளியே, வெயிலில், கல்லில் இருந்தது. செயல்திட்டத்துக்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டுமோ?

ஊக்கம் பிறக்கும் மூன்று இடங்கள்

ஊக்கம் பிறப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு என்பது நான் கண்டது. முதலாவது, கேள்வி உண்மையான கேள்வியாக இருத்தல். இரண்டாவது, விடையைப் பிள்ளையின் கையே காணுதல். மூன்றாவது, கண்ட விடை யாருக்கேனும் பயன்படுதல்.

முதற் காரணத்தை விளக்க ஓர் எடுத்துக்காட்டு. கரமனைத் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசும். தெருவில் மலையாளம் பேசும். தமிழ்ப் பாடத்தில் ‘வெள்ளம்’ என்றால் பெருக்கு. பக்கத்து வீட்டில் ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் தண்ணீர். “ஒரே சொல் எப்படி அண்ணா இரண்டு பொருள் தரும்?” என்று எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் கேட்டான். இது உண்மையான கேள்வி. விடையை நான் சொல்லவில்லை. “இதைப்போல வேறு சொற்கள் உண்டா என்று தேடிப் பார்ப்போமே” என்றேன்.

ஒரு வாரத்தில் அவனும் அவன் தோழர்களும் ஒரு குறிப்பேட்டை நிரப்பிவிட்டனர். அதற்காக அக்கிரகாரத்துப் பாட்டிமார்களையும், நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கடை வைத்திருப்போரையும், மலையாள நண்பர்களையும் தேடிச் சென்றனர். சென்னைத் தமிழர் மரவள்ளி என்பதை இங்கே மரச்சீனி என்கின்றனர். சேலத்து உறவினரோ குச்சிக்கிழங்கு என்கின்றனர். காய்கறியை மலையாளத்தார் ‘பச்சக்கறி’ என்கின்றனர். ‘பறைதல்’ என்றால் சொல்லுதல் என்பது மலையாளம் என்றே அப்பிள்ளைகள் எண்ணியிருந்தனர். பழந்தமிழிலும் அச்சொல்லுக்கு அப்பொருள் உண்டு என்று அகராதியில் கண்டபோது அவர்கள் அடைந்த வியப்புக்கு அளவில்லை. அகராதியைப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு புரட்டிய காட்சியை அன்றுதான் கண்டேன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடை தெரிந்துகொண்டே ஆசிரியர் கேட்கும் கேள்வி வேறு. ஆசிரியருக்கும் விடை தெரியாத கேள்வி வேறு. முன்னது தேர்வு. பின்னது தேடல். ‘இது எனக்கும் தெரியாது, நாம் சேர்ந்து பார்ப்போம்’ என்று ஆசிரியர் சொல்லும் நொடியிலேயே மாணவன் அவருக்குத் துணைவனாகி விடுகிறான்.

கை காணும் விடை

இரண்டாவது காரணத்துக்கு வருவோம். சென்ற இடவப்பாதி மழையின்போது, மழையை அளப்பது என்று பிள்ளைகள் முடிவு செய்தனர். பக்கம் நேராக, அடி தட்டையாக உள்ள தகர டப்பா ஒன்றும் அடிக்கோலும் போதும். டப்பாவை மொட்டை மாடியில் மரநிழல் படாத இடத்தில் வைத்து, நாள்தோறும் காலை ஒரே நேரத்தில் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் குறிக்க வேண்டும். முதல் நாளே வழக்கு மூண்டது. “அகலமான டப்பாவில் அதிக மழை விழும், ஆகவே கணக்குத் தப்பு” என்றாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. “இல்லை” என்றான் ஒருவன். சொற்போர் நீண்டது. அகலமான டப்பா ஒன்றையும் குறுகலான டப்பா ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தனர். மறுநாள் காலையில் பார்த்தால், இரண்டிலும் நீர் ஏறக்குறைய ஒரே உயரம்! அகன்ற டப்பாவில் அதிக நீர் விழுகிறது. ஆனால் அது அகன்ற அடியில் பரவிவிடுகிறது என்று அம்மாணவியே விளக்கம் கூறினாள். பரப்பளவு, கனஅளவு என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மழை இரவில் கற்றுக்கொண்டனர்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். வீட்டுக் கூரை 50 சதுர மீட்டர் என்று கொள்வோம். 20 மில்லிமீட்டர் மழை பெய்த நாளில் அக்கூரையில் விழுந்தது 1,000 லிட்டர். இக்கணக்கைக் கேட்ட வீட்டு மாமி, “அத்தனையும் சாக்கடைக்கா போகிறது?” என்றார். அடுத்த செயல்திட்டம் அக்கேள்வியிலேயே பிறந்துவிட்டது.

ஆற்றையும் அவ்வாறே அளக்கலாம். கரமனையாறு அகத்தியமலைப் பகுதியில் செம்முஞ்சி மொட்டை அருகே தோன்றி, 68 கிலோமீட்டர் ஓடி, கோவளத்துக்கு வடக்கே அரபிக்கடலை அடைகிறது. மேலே 1983-இல் கட்டி முடித்த பேப்பாறை அணையும், அதற்குக் கீழே அருவிக்கரை அணையும் உள்ளன. இந்நகரின் குடிநீர் பெரும்பாலும் அருவிக்கரையிலிருந்தே வருகிறது. அஃதாவது, நம் வீட்டுக் குழாயில் வருவதும் நம் படித்துறையில் ஓடுவதும் ஒரே ஆறு! முன்னதைக் குடிக்கிறோம். பின்னதைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். இடையில் அதற்கு நேர்ந்தது என்ன?

இக்கேள்வியை ஆராயப் பெரிய கருவிகள் வேண்டா. கரையில் 10 மீட்டர் அளந்து குறியிட்டு, ஆரஞ்சுத் தோலை நீரில் விட்டு, அது கடக்கும் நேரத்தைக் கணக்கிடலாம். 25 நொடியில் கடந்தால் மேற்பரப்பு நீரின் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர். அடிநீர் சற்று மெதுவாகச் செல்லுமாதலால் அதனை 0.85-ஆல் பெருக்க, சராசரி வேகம் 0.34 மீட்டர் ஆகிறது. ஆற்றின் அகலம் 20 மீட்டர், சராசரி ஆழம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 10 கனமீட்டர் நீர் ஓடுகிறது.

நீரின் தெளிவை அறியவும் எளிய வழி உண்டு. வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால் போதும். இத்தாலிய அறிஞர் ஆஞ்செலோ செக்கி 1865-இல் கடலில் கையாண்ட முறை இது. மழைக்கு முன்னும் பின்னும், கிள்ளியாறு வந்து கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும் இவ்வாறு அளந்து வரைபடம் தீட்டினால், ஆறு தன் கதையைத் தானே சொல்லும். பெரியவர் துணையின்றிப் பிள்ளைகள் நீரருகே செல்லலாகாது என்பதை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

பயன் என்னும் நெய்

மூன்றாவது காரணம் பயன். விளக்குக்கு நெய் போன்றது அது. ஆசிரியர் ஒருவர் மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டு மூலையில் போடும் ஏட்டுக்காக எவரும் உளமார உழைக்க மாட்டார். நம் வேலையை யாரோ எதிர்பார்த்திருக்கிறார்கள் என்னும் எண்ணமே கையைச் செலுத்துகிறது.

2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதும் பறவைகளைக் கணக்கெடுத்து ஒரு பறவை வரைபடத் தொகுப்பு உருவாக்கினர். அதில் பங்கு கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தன்னார்வலர்கள். ‘சீசன்வாட்ச்’ என்னும் திட்டத்தில், பள்ளிப் பிள்ளைகள் தமக்கென ஒரு மரத்தைத் தேர்ந்து, அது தளிர்ப்பதையும் பூப்பதையும் காய்ப்பதையும் வாரந்தோறும் பதிவு செய்கின்றனர். விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை உண்மையில் எப்போது பூக்கிறது என்பதை ஒரு விஞ்ஞானி தனியாக ஊரூராகச் சென்று காண இயலாது. ஆயிரம் பிள்ளைகள் சேர்ந்தால் இயலும். அப்பிள்ளை எழுதும் ஒரு வரி ஆராய்ச்சிக்குச் செல்கிறது. அதை அறிந்த பிள்ளை பொய் எழுதுமா?

பயன் என்பது சில வேளைகளில் உயிரைக் காப்பதாகவும் இருக்கும். 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம், தம்பானூர் இரயில் நிலையத்தை ஒட்டிய ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் நீரில் சிக்கி உயிரிழந்தார். அத்தோட்டில் குவிந்த குப்பை வானத்திலிருந்து விழுந்ததன்று. அது நம் வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் சென்றது. ஒரு தெருவில் ஒரு வாரத்தில் எவ்வளவு குப்பை சேர்கிறது, அதில் மக்குவது எவ்வளவு, அது எங்கே போகிறது என்று ஒரு வகுப்பு கணக்கெடுக்குமானால், அது மதிப்பெண்ணுக்கான வேலையாக மட்டும் நில்லாது. நகரத்தின் மனச்சான்றைத் தட்டும் வேலையாகும்.

தடைகளும் ஐயங்களும்

‘எல்லாவற்றையும் இப்படியே கற்க முடியுமா?’ என்று சிலர் கேட்பர். முடியாது. வாய்பாடும், எழுத்துக்கூட்டிப் படித்தலும் பயிற்சியால்தான் அமையும். பிள்ளையின் விருப்பம் ஒன்றையே வழிகாட்டியாக விட்டுவிடலாகாது என்று டூயியே 1938-இல் வெளியிட்ட நூலில் எச்சரித்தார். ஆயின், பயிற்சிக்கும் ஒரு காரணம் வேண்டும். ஆற்று நீரைக் கணக்கிடத் தசமப் பெருக்கல் தேவைப்பட்டபோது, எங்கள் பிள்ளைகள் தாமே வந்து அதைக் கேட்டுக் கற்றனர். பசித்தவனுக்குச் சோறு இடுவதற்கும் பசியாதவனுக்குத் திணிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

‘காலம் போதாது’ என்பர். ஆண்டுக்குப் பாடத்துக்கு ஐந்தாறு பொய்த் திட்டங்களை ஒப்படைக்கச் சொல்வதை விடுத்து, எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு மெய்த் திட்டத்தை மேற்கொள்ளலாமே! கணித ஆசிரியரும், அறிவியல் ஆசிரியரும், தமிழாசிரியரும் அதற்குச் சேர்ந்து மதிப்பெண் இடலாம்.

‘செலவு ஆகும்’ என்பர். தகர டப்பா, கயிறு, அடிக்கோல், குறிப்பேடு — மேலே கூறியவற்றுக்கு இவற்றைத் தவிர வேறென்ன வேண்டும்? செலவு மிக்கது தெர்மாகோல் எரிமலைதான்.

மதிப்பிடும் முறை மாறினாலொழிய ஊக்கம் நிலைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அழகான அட்டைக்கு மதிப்பெண் கொடுத்தால் அழகான அட்டைதான் வரும். ‘என்ன கேள்வி கேட்டாய்? எப்படிக் கண்டாய்? நினைத்தபடி வராதபோது என்ன செய்தாய்?’ என்று கேட்டு, வாய்மொழி விடைக்கு மதிப்பெண் கொடுத்தால், பெற்றோர் இரவு விழிக்க வேண்டிய தேவையே இராது.

நாம் செய்யத்தக்கது

தமிழ் மாணவர் மன்றத்து நண்பர்களே! நம் மன்றம் ஆண்டுதோறும் பட்டிமன்றமும் கவியரங்கும் நடத்துகிறது. மகிழ்ச்சியே. அவற்றோடு இதனையும் ஏற்போம். நம்மில் இருவர் இருவராகச் சேர்ந்து, இந்நகரில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் செல்வோம். மாதம் இரு சனிக்கிழமைகள் போதும். பாடம் நடத்த வேண்டா, கேள்விகளைத் திரட்டுவோம். ஒரு கேள்வியைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் அளக்கட்டும், கேட்கட்டும், எழுதட்டும். ஆண்டிறுதியில் கவியரங்கம் நடக்கும் அதே மேடையில், பெற்றோர் முன்னிலையிலும் நகரசபை உறுப்பினர் முன்னிலையிலும் அவர்கள் தமிழில் எடுத்துரைக்கட்டும். சிறந்தவற்றை நம் இதழிலேயே அச்சிடுவோம்.

தமிழில் அறிவியல் பேச முடியுமா என்று ஐயுறுவோர்க்கு, கட்டுரைகளால் பல காலமாக விடையளித்து வருகிறோம். கரமனைப் படித்துறையில் நின்று, ‘நொடிக்குப் பத்துக் கனமீட்டர்’ என்று தன் கையால் கண்ட கணக்கைத் தமிழில் சொல்லும் ஒரு சிறுமி அதனினும் சிறந்த விடை அளிப்பாள். அவளுக்குத் துணை நிற்போம். வரும் பருவத்திலேயே தொடங்குவோம்.